கண்ட்ரோல் என்றால் இரண்டாவது ஏடு

தமிழ்நாட்டில் ஆங்கிலமே படிக்காதவர் வாயிலும் தடையில்லாமல் புழங்கும் சொல் ‘கண்ட்ரோல்’. சுகர் கண்ட்ரோலில் இருக்கிறது என்கிறோம். வண்டி கண்ட்ரோல் இல்லாமல் போய் மரத்தில் மோதியது என்கிறோம். கோபத்தைக் கண்ட்ரோல் பண்ணு, பிள்ளையைக் கண்ட்ரோல் பண்ணு, அந்த ஊரே அவர் கண்ட்ரோலில் இருக்கிறது என்கிறோம். இவை எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: மேலே ஒரு கை, கீழே அடங்கிக் கிடக்கும் ஒன்று. இந்தப் படத்தோடு சேராத ஒரு பயன்பாடும் நம்மிடம் இருக்கிறது. பல ஊர்களில் வயதானவர்கள் இன்றும் ரேஷன் கடையைக் ‘கண்ட்ரோல் கடை’ என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால உணவுக் கட்டுப்பாட்டின் மிச்சம் அந்தப் பெயர். அந்தக் கடையில் நடப்பதே கண்ட்ரோல் என்ற வினைச்சொல்லின் முதல் பொருளுக்கு மிக நெருக்கமானது. நாம் மறந்துவிட்ட அந்தப் பொருளைத் திரும்பப் பிடிக்காமல் 2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளையும் அருகிலுள்ள கல்வராயன் மலையில் நடந்து வந்ததையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இந்தப் பதிவின் வாதம்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். அதிலிருந்து வந்தது ‘ரோட்டுலுஸ்’, அதாவது சுருட்டி வைத்த தோல் அல்லது காகிதம். நாம் ஓலைகளைக் கோத்துச் சுவடியாக்கியதுபோல, இடைக்கால ஐரோப்பாவில் கணக்கைத் தோல் சுருளில் எழுதினார்கள். ‘கான்ட்ரா’ என்றால் எதிர். இரண்டும் சேர்ந்த ‘கான்ட்ராரோட்டுலுஸ்’ என்பது எதிர்ச்சுருள்: ஒருவர் எழுதும் கணக்குக்கு எதிராக வேறொருவர் தனியாக எழுதி வைக்கும் இரண்டாவது கணக்கு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 15ஆம் நூற்றாண்டில் வினைச்சொல்லாக நிலைத்தது. தொடக்கத்தில் அதன் பொருள் ‘ஒத்துப்பார்’, ‘சரிபார்’ என்பதே. அடக்கு, ஆட்டிவை என்ற பொருள் அதன்மேல் பிறகு ஏறியது. இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கம் இருந்தது. பொருளாளர் தரப்பில் ஒரு சுருள் எழுதப்பட்டது. அதற்கு இணையாக அரசரின் தலைமைச் செயலர் தரப்பிலிருந்து ஒருவர் உட்கார்ந்து இன்னொரு சுருள் எழுதினார். முதல் சுருளில் ஒரு தொகை கூடினாலோ குறைந்தாலோ இரண்டாவது சுருள் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் காலத்தில் கண்ட்ரோல் செய்யப்பட்டது யார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குடிமக்கள் இல்லை, அதிகாரிகள். ‘கேன்டர்பரி கதைகள்’ எழுதிய கவிஞர் ஜெஃப்ரி சாசர் 1374இல் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் சுங்கத்துக்குக் கண்ட்ரோலராக அமர்த்தப்பட்டார். கப்பல்காரர்களை அடக்குவது அவர் வேலை இல்லை. சுங்கம் வசூலித்தவர்கள் எழுதிய கணக்குக்கு எதிர்க்கணக்கு எழுதுவதுதான் அவர் வேலை. அதையும் ஆள் வைத்து எழுதாமல் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று அவருடைய நியமன ஆணை சொன்னது. அதற்கும் முன்னால், 1194இல், இங்கிலாந்தில் கொரோனர் என்ற பதவி உருவானது. ஊரில் சந்தேகச் சாவு விழுந்தால் போய் விசாரித்து, தனியாகப் பதிவு எழுதி வைப்பவர் அவர். மாவட்டத்தில் முழு அதிகாரம் வைத்திருந்த ஷெரீஃபின் பதிவோடு பிற்பாடு நீதிபதிகள் அதை ஒத்துப்பார்ப்பார்கள். செத்தவருக்காக எழுதப்பட்ட இரண்டாவது ஏடு அது. பிறந்தபோது இந்தச் சொல் அதிகாரத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாளடைவில் அது முகம் திருப்பி மக்களைப் பார்க்கத் தொடங்கியது.

பழைய பொருள் முற்றிலும் செத்துவிடவில்லை. பிரெஞ்சில் ரயிலில் டிக்கெட்டைச் சரிபார்ப்பவர் ‘கோந்த்ரோலர்’. ஜெர்மனியில் ‘பாஸ்கொன்ட்ரோலே’ என்றால் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரிபார்க்கும் இடம். நம் அரசமைப்பின் 148ஆம் பிரிவில் வரும் கணக்காய்வுத் தலைவர் பதவியின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல் இருக்கிறது. பிரெஞ்சில் கணக்கைக் குறிக்கும் ‘கோம்ப்த்’ என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டதால் அதன் எழுத்துமட்டும் மாறிப்போய், படிக்கும்போது கண்ட்ரோலர் என்றே படிக்கப்படுகிறது. அறிவியலிலும் அப்படியே. புது மருந்தைச் சோதிக்கும்போது மருந்து கொடுத்த குழுவோடு ஒப்பிட, கொடுக்காத ஒரு குழுவை வைத்துக்கொள்கிறார்கள். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று எழுதிவிடுகிறோம். படிக்கும் மாணவருக்கு, யாரையோ கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அது ஒப்பீட்டுக் குழு, சோதனையின் எதிர்ச்சுருள்.

அந்த மொழிபெயர்ப்பிலேயே நம் சிக்கல் தெரிகிறது. கண்ட்ரோலுக்கு நாம் தேர்ந்துகொண்ட சொல் ‘கட்டுப்பாடு’. அதன் வேர் ‘கட்டு’: கயிறு, முடிச்சு. கட்டுக்குள் வை, கட்டிப்போடு என்கிறோம். ஊர்க்கட்டுப்பாடு என்றால் கிராமத்தில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்: விலக்கி வைப்பது, தண்ணி வெந்நி கொடுக்காதே என்பது. கட்டு தேவையில்லாத சொல் அல்ல; பயிரைக் காக்க வேலி வேண்டும். ஆனால் கட்டு என்ற சொல்லுக்குள் ஒத்துப்பார்த்தல் இல்லை, கட்டியவனைக் கேட்கும் கேள்வி இல்லை. அந்தக் கேள்வி தமிழருக்குப் புதியதும் அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் பேர்போனவை. குடவோலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவற்றிலுள்ள ஒரு விதியைப் பற்றி நாம் பேசுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் இடக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு பிரம்மதேய ஊரின் குறுகிய வட்டத்துக்குள்தான் என்றாலும், கண்ட்ரோலின் முதல் பொருளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்றாட வாழ்விலும் அந்தப் பொருளுக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: அடிக்கட்டை. ரசீதுப் புத்தகத்தில் பணம் கட்டியவருக்குக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தோடு நிற்கும் பாதி. எண் ஒன்று, தொகை ஒன்று, இரண்டு கைகளில் இரண்டு துண்டுகள். பழைய இங்கிலாந்தில் இதைக் காகிதத்தில் செய்யவில்லை, மரத்தில் செய்தார்கள். ஒரு குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுகள் போட்டு, குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். கொடுத்தவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று. ஒருவர் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது ரேகை ஒட்டாது. 1826இல் அந்த முறை கைவிடப்பட்டு, குவிந்து கிடந்த குச்சிகளை 1834 அக்டோபரில் அடுப்பில் போட்டு எரித்தபோது, சூடு மிஞ்சி லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. கண்ட்ரோல் கடையில் நடந்ததும் குச்சியைப் பிளப்பதுதான். குடும்ப அட்டையில் மாதவாரியாகக் கட்டங்கள். அரிசி இத்தனை கிலோ, சர்க்கரை இத்தனை, மண்ணெண்ணெய் இத்தனை லிட்டர் என்று கடைக்காரர் அதில் எழுதுவார், தன் ஏட்டிலும் எழுதுவார். அட்டை வீட்டுக்குப் போகும், ஏடு கடையில் இருக்கும். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபின் அந்த இரண்டாவது ஏடு கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. வாங்காத பருப்பை வாங்கியதாகச் செய்தி வந்தால் ஒரு கூலித் தொழிலாளியும் அதைக் காட்டி அதிகாரியிடம் கேட்க முடிகிறது. அந்தச் செய்தி அவர் கையிலுள்ள பாதிக் குச்சி.

இனி கல்வராயன் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் இடையில் எழும் இந்த மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். மலை, ஆள் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தது அந்தப் பெயர்; மலையை ஆள்பவர் என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. பெயர் அப்படி, ஆண்டவர்கள் வேறு. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பரம்பரைப் பட்டங்களோடு ஜாகீர்தார்கள் இந்த மலைப்பகுதிகளை வைத்திருந்தார்கள். சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. கல்வராயன் மலையை ஜாகீர்தார்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது 1976இல். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து. சமவெளியின் ரயத்துவாரி நிலத்தில் உழுதவரிடம் பட்டா என்று ஒரு தாள் இருந்தது. தாசில்தார் அலுவலக ஏட்டுக்கு அதுதான் எதிர் ஏடு. மலையில் சாமையும் மரவள்ளியும் போட்டவருக்கு, இது என் நிலம் என்று எடுத்துக்காட்ட அப்படி ஒரு தாள் இல்லை. ஜாகீர்தார் தரப்புச் சொல்லே கணக்கு, அதுவே தீர்ப்பு. கட்டு இருந்தது, எதிர்ச்சுருள் இல்லை. இன்று மலையில் பட்டா, சாதிச் சான்று, வன உரிமை என்று எதைப் பற்றிப் பேசினாலும் அந்த இல்லாத தாளில்தான் வந்து முட்டுகிறது. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிக் கிராமசபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த மலைக்கு எட்டவில்லை.

மலையின் இன்னொரு பெயர் வெளியூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்: சாராய மலை. வெல்லத்தையும் பட்டையையும் பேரல்களில் ஊறப்போட்டுக் காய்ச்சும் தொழில் ஓடைக்கரைகளில் நடந்தது, போலீஸ் மலையேறிப் போய் ஊறலைக் கொட்டி அழித்தது, இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு என்று மறுநாள் செய்தி வந்தது. இந்தக் காட்சிதான் பல ஆண்டுகளாக நமக்குக் கண்ட்ரோல் என்று காட்டப்பட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மலையுச்சியில் இல்லை, காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெருக்களில். குடித்ததில் கலந்திருந்தது மெத்தனால். இதை நின்று யோசிக்க வேண்டும். வெல்ல ஊறலைக் காய்ச்சினால் வருவது எத்தனால். அது உடம்பைக் கெடுக்கும். ஆனால் ஒரே இரவில் ஒரு தெருவையே சாய்க்கும் அளவு மெத்தனால் ஊறல் பானையில் பிறக்காது. அது ரசாயனத் தொழிற்சாலையில் தயாராகி, பெயின்ட், வார்னிஷ், மருந்துத் தொழில்களுக்குப் போகும் பொருள். மணத்திலும் நிறத்திலும் எத்தனால்போலவே இருக்கும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்; அந்த அமிலம் கண் நரம்பைத் தின்று, ரத்தத்தைப் புளிக்க வைத்துக் கொல்லும். ஓர் ஆண்டுக்கு முன்பு, 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான்.

ஆக, மலையில் எத்தனை பேரலை உடைத்தாலும் கருணாபுரத்துச் சாவுகள் நின்றிருக்காது. நிறுத்தியிருக்கக்கூடியது ஏடு. மெத்தனால் உரிமம் உள்ளவர் மட்டும் வாங்கி விற்க வேண்டிய விஷம். விற்றவர் ஏட்டில் இத்தனை லிட்டர் என்று ஒரு வரி, வாங்கியவர் ஏட்டில் அதே அளவு ஒரு வரி, வாங்கியவர் அதை எந்தப் பொருளாக மாற்றினார் என்று இன்னொரு வரி. இந்த மூன்றையும் மூன்றாவது ஆள் ஒருவர் மாதம் ஒருமுறை ஒத்துப்பார்த்தால், ஒரு பேரல் காணாமல் போவது அந்த மாதமே தெரிந்துவிடும். பல கை மாறி ஒரு பேரல் கருணாபுரம் வரை வந்தது என்றால், ஏதோ இரண்டு ஏடுகளை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். சாவு விழத் தொடங்கியபின் நடந்ததும் இதே குறைதான். காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்ற பேச்சு முதலில் நிர்வாகத் தரப்பிலிருந்தே வந்தது. அந்தச் சில மணி நேரத்தில் அதே சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருந்தவர்கள் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்ற எச்சரிக்கை கிடைக்காமல் போனது. 1194இல் கொரோனரை எதற்காக உருவாக்கினார்கள் என்பது இங்கேதான் உறைக்கிறது. சாவின் காரணத்தை எழுதும் கையும், சாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வழக்கைச் சிபிஐக்கு மாற்றியதையும், கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துச் சாலை, மருத்துவமனை, ரேஷன் கடை என்று கேள்வி கேட்டதையும் நான் இரண்டாவது ஏடாகவே பார்க்கிறேன்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளையும் பார்த்துவிடுவோம். சொல்லின் வேர் அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்காது என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம் என்பதற்காக இன்று பூவின் நாற்றம் என்று யாரும் எழுத முடியாது. சொல் பிறந்த கதையை வைத்து இன்றைய பொருள் தவறு என்று நான் சொல்லவில்லை. சொல்லின் இரண்டு பொருள்களும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. நாம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டோம். கைவிட்டதன் விலை என்ன என்பதை மெத்தனால் காட்டியது. சொல்வரலாறே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தச் சான்று அப்படியே நிற்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஏடுதானே ஏழைகளைக் கட்டிப்போட்ட கயிறு என்பது அது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் மனிதர்களின் பெயரை எழுதி வைத்தார்கள். அந்த ஏடு முழு முழுச் சாதிகளைக் குற்றவாளிகள் ஆக்கியது. அடகு வட்டிக்காரர் நோட்டும் ஏடுதான். எழுத்துத் தெரிந்தவன் தெரியாதவனை ஏய்த்த கதை நம் ஊர்களில் ஏராளம். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். என் வாதமே இதில்தான் இருக்கிறது. குற்றப் பரம்பரைப் பதிவேடு போலீஸ் கையில் மட்டும் இருந்தது. வட்டி நோட்டு வட்டிக்காரர் கையில் மட்டும் இருந்தது. ஒரே ஏடு, ஒரே கை: அது கயிறு. கண்ட்ரோல் என்ற சொல்லில் உள்ள ‘எதிர்’ என்ற பாதிதான் அதன் அறம். வலிமையுள்ளவன் எழுதியதற்கு எதிராக வலிமையில்லாதவனிடமும் ஒரு பாதிக் குச்சி இருக்க வேண்டும். நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராமசபைக்குச் சமூகத் தணிக்கை உரிமையைத் தந்தபோதும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் யாருக்கு எந்த நிலம் என்ற பட்டியலைக் கிராமசபையிலிருந்து தொடங்கச் சொன்னபோதும், மக்கள் கையில் கொடுக்கப்பட்டது அந்தப் பாதிக் குச்சிதான்.

மூன்றாவதாக, ஏட்டைப் புரட்டினால் சாராயம் நிற்குமா, லத்தி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். விஷம் விற்றவனைப் பிடிக்கத்தான் வேண்டும். கருணாபுரத்துக்குப் பிறகு அதே மாதத்தில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமானவருக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது. அது தேவையான கட்டு. ஆனால் மரக்காணத்துக்குப் பின்னும் கைதுகள் நடந்தன. பதின்மூன்று மாதத்தில் கருணாபுரம் வந்தது. தண்டனை சாவுக்குப் பின்னால் வருகிறது. ஒத்துப்பார்த்தல் மட்டுமே சாவுக்கு முன்னால் வர முடியும். கட்டை முறுக்குவது சுலபம், அதை டிவியில் காட்டலாம். இரண்டு ஏடுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதில் காட்சி இல்லை, அதனால்தான் அதை யாரும் கேட்பதில்லை.

நாம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் கூடுகிறது. அந்த நாள்களில் போய் உட்காருங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். வன உரிமை மனுக்களில் எத்தனை வாங்கினார்கள், எத்தனைக்குப் பதில் தந்தார்கள் என்று கேளுங்கள். எந்த மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். கருணாபுரம் நகராட்சியில் இருப்பதால் அங்கே கேட்க வேண்டியது வார்டு உறுப்பினரிடமும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும்: இந்த மாவட்டத்தில் மெத்தனால் உரிமம் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது ஏடு ஒத்துப்பார்க்கப்பட்டது என்று. அடுத்த முறை ஓர் அமைச்சரோ அதிகாரியோ எல்லாம் கண்ட்ரோலில் இருக்கிறது என்று சொன்னால், அந்தச் சொல்லின் முதல் பொருளிலேயே அவரிடம் கேளுங்கள்: இரண்டாவது ஏடு எங்கே, அது யார் கையில் இருக்கிறது?